மொட்டை டயரும் மாப்பிள்ளை கிராப்பும்

எங்கள் தெருவில் சலூன் வைத்திருப்பவரை எல்லோரும் சீப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். இடது காதுக்கு மேல் எந்நேரமும் ஒரு சீப்பைச் செருகி வைத்திருப்பார். கடையில் மட்டுமல்ல, வங்கிக்குப் போனாலும் அது காதில் இருக்கும். ஒருமுறை பல் பிடுங்கிக்கொள்ளப் போனபோது, நாற்காலியில் சாய்ந்ததும் சீப்பு கீழே விழுந்து, டாக்டரே குனிந்து எடுத்துக் கொடுத்தாராம். எனக்கு அவர் சீப்பு அண்ணன்.

கடை, தபால் நிலையத்துக்கு எதிர்வரிசையில், மருந்துக்கடைக்கும் சாவி செய்யும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே இரண்டு சுழல் நாற்காலிகள். அவற்றில் ஒன்று ஏறும், இறங்காது. அண்ணன் அதிகம் பேசமாட்டார். "சின்னதாவா, மீடியமாவா?" என்று கேட்பதோடு அவருடைய பங்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெட்டிக்கொள்பவர்தான் பேச வேண்டும்.

வீட்டில் பேச்சுத்துறை அண்ணியிடம் இருக்கிறது. அண்ணி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். "ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க" என்று அவர் சொல்லும் அழகுக்காகவே நோயே இல்லாதவர்கள்கூடப் போன் போடுவார்கள் என்று அண்ணன் ஒரு தடவை சொன்னார். அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணன் கார் வாங்கியதற்குக் காரணமே அண்ணியின் டெலிபோன்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் குடும்பத்தார் எதையாவது விசாரிக்கக் கூப்பிடுவார்கள். பேச்சுவாக்கில், "அப்பாவுக்கு முடி காடா வளர்ந்து கிடக்கு, வீட்டுக்கு வந்து வெட்ட ஆளே கிடைக்கல" என்பார்கள். அன்று மாலையே அண்ணனிடம் சொல்லிவிடுவார் அண்ணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ஸ்கூட்டரில் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு கிளம்புவார். அண்ணி பின்னால் மடக்கு நாற்காலியைக் கேடயம் மாதிரி பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். காற்றடித்தால் நாற்காலி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்கூட்டர் இன்னொரு பக்கம் இழுக்கும்.

இனி ஸ்கூட்டர் சரிப்படாது என்று, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அண்ணன் டிரைவிங் பள்ளிக்குப் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். முன்பக்கமாக நன்றாகவே ஓட்டினார். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கண்ணாடியில் தெரிவதை நம்பாமல், கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார். "நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துதானே வேலை செய்யறீங்க, இந்தக் கண்ணாடியை மட்டும் ஏன் நம்ப மாட்டேங்கறீங்க?" என்று பயிற்சியாளர் கேட்டதற்கு, "கடைக் கண்ணாடில இருக்கறவர் நகர மாட்டாரு" என்றாராம்.

வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்ட ஒருவரின் சின்னக் காரை வாங்கினார். வெளிறிய நீல நிறம். தினமும் காலையில் அதைத் துடைப்பார். கண்ணாடிகளை, கடைக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி, ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வந்து முடிப்பார். எண்ணெய் பார்ப்பார், தண்ணீர் பார்ப்பார். டயரை மட்டும் பார்க்கவே மாட்டார். டயர், காரைச் சேர்ந்ததில்லை, ரோட்டைச் சேர்ந்தது என்று நினைத்திருந்தாரோ என்னவோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஒரு பெரியவருக்கு முடி வெட்டுவதற்காக இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்து இறக்கத்தில் குறுக்கே ஒரு நாய் வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. ஈரத்தரையில் சோப்புக்கட்டி போகிற மாதிரி சத்தமே இல்லாமல் வழுக்கிப் போய், அரைவட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிலும் இடிக்கவில்லை. நாய் நடைபாதையில் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை விடவே முடியவில்லை.

அண்ணி சொன்னார்: "என்னங்க, வீட்டுக்குத் திரும்பணும்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு மூச்சு வந்தது. அண்ணி இறங்கி, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். டயரில் கோடு என்று சொல்ல எதுவுமே இல்லை. வழவழவென்று இருந்தது.

"என்னங்க, ஊருக்கெல்லாம் முடி வெட்டறீங்க. உங்க டயர் மொட்டையா இருக்கே!"

விஷயம் மறுநாளே கடைக்கு வந்துவிட்டது. அண்ணன் சொல்லவில்லை. அண்ணி மருந்துக்கடையில் சொன்னார், மருந்துக்கடைக்காரர் மற்ற எல்லோரிடமும் சொன்னார். அந்த வாரம் அண்ணனிடம் முடி வெட்டிக்கொண்டவர்களில் டயரைப் பற்றி யோசனை சொல்லாதவர் யாருமில்லை. ஒருவர், "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, இன்ஜின் இழுக்கறது அங்கதான்" என்றார். பக்கத்து நாற்காலியில் முகத்தில் நுரையோடு இருந்த கணக்கு வாத்தியார், "யார் சொன்னா? பின்னாடிதான் மாத்தணும்" என்று கத்தினார். கழுத்தில் கத்தி இருப்பதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. இன்னொருவர், நைட்ரஜன் காற்றுதான் அடிக்க வேண்டும், சாதாரணக் காற்று ஆகாது என்றார். சாவிக்கடைக்காரர் வெளியே நின்றபடியே, "எதுக்குப் புதுசு? பழசுலயே சூடு வெச்சுக் கோடு வெட்டித் தருவாங்க" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. என்னிடம் கார் கிடையாது. ஆனாலும் அகலமான டயராகப் பார்த்து வாங்கச் சொன்னேன்.

அண்ணன் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். இரவு அண்ணியிடம், "எனக்குத் தலை சுத்துது. அவங்க சொல்றதையெல்லாம் கேட்டா காருக்கு ஏழு சக்கரம் வேணும்" என்றாராம்.

"பேசாம டயர்க்கடைக்கு நானும் வரேன்" என்றார் அண்ணி. அவருக்கு விடுமுறை ஒரு வாரநாளில் வந்தது. அண்ணன் கடையை மூடி, 'சொந்த வேலை காரணமாக இன்று விடுமுறை' என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். கடை திறந்த நாளிலிருந்து, காய்ச்சல் வந்தபோதுகூட, அவர் வாரநாளில் மூடியதில்லை.

டயர்க்கடை, ஊரின் இன்னொரு கோடியில், பெட்ரோல் பங்கைத் தாண்டி இருந்தது. தெருவில் நிற்கும்போதே ரப்பர் வாடை வந்தது. டயர்களைத் தூண் தூணாக அடுக்கியிருந்தார்கள். ஒரு மூலையில் பஞ்சர் பார்க்கிற தொட்டி, கறுத்த தண்ணீரோடு. நடுவில் காரைத் தூக்குகிற லிஃப்ட். கம்ப்ரஸர் திடீர் திடீரென்று விழித்துக்கொண்டு உறுமிவிட்டு அடங்கியது. அண்ணன் வாசலில் காரை நிறுத்திவிட்டு, பல் டாக்டரிடம் போகிறவர் மாதிரி அண்ணிக்குப் பின்னால் நடந்து வந்தார்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வட்ட முகம். முடி காதுகளை மூடியிருந்தது, முன்பக்கம் கண்ணில் வந்து விழுந்தது. கையெல்லாம் கரி என்பதால் கையால் ஒதுக்க முடியாமல், கீழுதட்டை நீட்டி "ஃபூ" என்று ஊதி ஊதி மேலே தள்ளிக்கொண்டிருந்தார். அது எழும்பும், உடனே திரும்பி வந்து உட்காரும்.

"வாங்க சார். என்ன சைஸ் வேணும்?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தார்.

"கார் சைஸ்" என்றார் அண்ணன்.

டயர்க்காரர் சிரிக்கவில்லை. நேராகக் காரிடம் போய்க் குந்தி, டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளைத் துணியால் துடைத்துப் படித்தார். பிறகு நான்கு டயர்களையும் சுற்றிவந்து உள்ளங்கையால் தடவினார்.

"சார், இந்த டயரை வெச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் எப்படி வந்தீங்க?"

"மெதுவா."

அவர் உள்ளே போய் மூன்று விதமான டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்று நீண்ட நாள் உழைக்குமாம், ஒன்று சத்தம் போடாதாம், ஒன்று மழையில் நன்றாகப் பிடிக்குமாம். "மழைக்குப் பிடிக்கறது" என்று அண்ணன் உடனே சொல்லிவிட்டார். அண்ணி மட்டும் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இது எப்ப செஞ்சதுங்க?" என்று கேட்டார். டயர்க்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிக் கேளுங்க மேடம், யாருமே கேக்க மாட்டேங்கறாங்க!" என்று, பக்கவாட்டில் இருந்த சின்ன எண்களைக் காட்டினார். எத்தனையாவது வாரம், எந்த வருடம் என்று அதிலேயே இருக்கிறது. இரண்டு மாதம்கூட ஆகாத டயர். அண்ணி கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலும்தானே சார்?"

"ரெண்டு போதும்" என்றார் அண்ணன். கணக்கு வாத்தியாரின் குரல் அவர் காதிலேயே இருந்தது. "பின்னாடி ரெண்டு."

"ரெண்டுன்னா பின்னாடி போடறதுதான் சரி. ஆனா உங்களுக்கு முன்னாடியும் ஒண்ணுமில்லையே சார்."

"பார்த்துக்கலாம்."

டயர்க்காரர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கடையில் வேலை செய்யும் ஒருவர் காரை உள்ளே கொண்டுவந்து லிஃப்டில் ஏற்றினார். ஆள் நல்ல உயரம், கடையில் எல்லோருக்கும் அவர் நெட்டை. கார் மெல்ல மேலே போனது. எல்லா ரிம்மையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நெட்டை நான்கு சக்கரங்களையும் கழற்றினார். காலில்லாமல் அந்தரத்தில் தொங்கும் தன் காரைப் பார்க்கப் பார்க்க அண்ணனுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்பவர்களைப் போல இருவரும் நின்றார்கள்.

டயர்க்காரருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். முடியை ஊதினார். கடைசியில், யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்பது போல அண்ணியிடம் வந்தார்.

"மேடம், மதியம் எனக்குக் கல்யாணம்."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. "யாருக்கு?"

"எனக்குத்தான். ரிஜிஸ்டர் கல்யாணம். வீட்ல உக்காந்திருந்தா படபடன்னு வருது, அதான் கடைக்கு வந்துட்டேன். இதுல இந்த முடி வேற. நான் வழக்கமா வெட்டிக்கறவர் ஊரை விட்டே போயிட்டாரு. தபால் ஆபீஸ் எதிர்ல ஒருத்தர் இருக்காரு, பிரமாதமா வெட்டுவாருன்னு சொன்னாங்க. காலையில ஆசை ஆசையாப் போனா, கடை மூடியிருக்கு!"

அண்ணன் சட்டென்று திரும்பி டயர் தூண்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

அண்ணி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார். "அச்சச்சோ. ஏன் மூடியிருக்கு?"

"சொந்த வேலையாம்! போர்டு தொங்குது. வாரநாள்ல ஒரு மனுஷனுக்கு அப்படி என்ன சொந்த வேலை? அதுவும் என் கல்யாணத்தன்னைக்குப் பார்த்து?"

"அதானே. யாருங்க அந்த ஆளு?"

"பேரு தெரியல மேடம். சீப்புன்னு சொன்னாங்க. எப்பவும் காதுல ஒரு சீப்பை..."

டயர்க்காரர் பேச்சை நிறுத்தினார். அவர் கண்கள் அண்ணனின் முதுகிலிருந்து மெல்ல மேலே ஏறி, இடது காதில் போய் நின்றன. கம்ப்ரஸரும் அந்த நேரம் பார்த்து அடங்கிவிட்டது.

"சொந்த வேலை" என்று அண்ணன் திரும்பாமலேயே, அந்தரத்தில் இருந்த காரைக் கையால் காட்டினார்.

முதலில் சிரித்தது நெட்டை. கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். டயர்க்காரர் கரிக்கையால் வாயைப் பொத்தப் போய், முகத்தில் மீசை மாதிரி ஒரு கோடு விழுந்தது. "ஐயோ, மன்னிச்சுக்குங்கண்ணே, நான் ஏதோ..." என்று அவர் தடுமாற, அண்ணன் அதற்குள் அவரைச் சுற்றி வந்து, பின்மண்டையை இரண்டு பக்கமும் பார்த்து முடித்திருந்தார்.

"உக்காருங்க" என்றார்.

"இங்கயா?"

"பெட்டி கார்லதான் இருக்கு."

கார் மேலே இருந்தது. இறக்கலாம் என்றால் சக்கரம் இல்லை. நெட்டை கையைத் தூக்கி, கால் கட்டைவிரலில் எழும்பி நின்று டிக்கியைத் திறந்தார். உள்ளேயிருந்து முதலில் பெட்டி வந்தது, அப்புறம் வெள்ளைத் துணி வந்தது. மடக்கு நாற்காலி மட்டும் உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதனால் புது டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாப்பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு, யாரோ மாற்றிவிட்டுப் போன பழைய சைடு கண்ணாடி ஒன்றைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார் அண்ணி.

"இதுல தெரியறதெல்லாம் நிஜத்தைவிடச் சின்னதாத் தெரியும். பயப்படாதீங்க" என்றார்.

அண்ணன் கத்தரியைக் கையில் எடுத்ததும் ஆளே மாறிவிட்டார். டயர் சைஸ் தெரியாமல் விழித்தவர் இவர்தானா என்று தோன்றும் என்கிறார் அண்ணி. சீப்பு காதிலிருந்து இறங்கியது. முதலில் கழுத்துப்பக்கம், அப்புறம் காதோரம். எப்போதும் பேசாதவர், அன்று தானாகவே கேட்டார்: "பொண்ணு என்ன பண்றாங்க?"

"லைப்ரரில வேலைண்ணே. முதல்ல கஸ்டமரா வந்தாங்க, காத்துப் பிடிக்க. மறு வாரம் வந்தாங்க. அதுக்கு மறு வாரமும் வந்தாங்க. ஒவ்வொரு வாட்டியும் அளந்து பார்த்தா காத்து குறையவே இல்ல. எனக்குப் புரியல. டயர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஏதோ இருக்குன்னு நினைச்சு, தண்ணித் தொட்டில முக்கி முக்கிப் பார்த்தேன்."

"ஓட்டை இல்ல?"

"இல்ல. நெட்டைதான் கடைசியில சொன்னான், 'அண்ணே, பிரச்னை டயர்ல இல்ல'ன்னு."

அண்ணி சிரித்ததில், கடையில் வாங்கிக் கொடுத்திருந்த டீ கையில் தளும்பியது. அந்த நேரத்தில்தான் உள்ளே நெட்டை முதல் டயரை ரிம்மில் மாட்டிக் காற்று ஏற்றினார். டயர் போய் ரிம்மில் உட்காரும்போது 'டப்' என்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அண்ணி "அம்மா!" என்று கத்திவிட்டார். மாப்பிள்ளை, அண்ணனின் கையைப் பார்த்தார். கத்தரி காதிலிருந்து ஒரு சாண் தள்ளி, அசையாமல் நின்றிருந்தது.

"பழக்கம்" என்றார் அண்ணன். "எங்க கடையில குழந்தைங்க தும்மும்."

வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் அப்படியே காட்டுச்செடியாக இருந்தது. அண்ணன் ஓர் அடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். மாப்பிள்ளையும் சைடு கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு குறும்பு வந்தது.

"அண்ணே, போதும். நான் கிளம்பட்டுமா?"

"பாதியிலயா?"

"பாதி போதும்ணே. மீதியை அப்புறமாப் பார்த்துக்கலாம். நீங்க மட்டும் ரெண்டு டயர் போதும்னு சொல்லலையா?"

அண்ணன் லிஃப்டில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். உதட்டோரச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அண்ணி பார்த்ததில்லையாம். "நாலையும் போடச் சொல்லுங்க" என்று சொல்வதற்குள் இரண்டு தடவை கத்தரியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

அடுத்த அரைமணி நேரம் கடையின் இரண்டு பக்கமும் வேலை நடந்தது. அங்கே நெட்டை ஒவ்வொரு சக்கரத்தையும் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனம் குறைகிறது என்று பார்த்து ஈயத்துண்டு ஒட்டினார். இங்கே அண்ணன் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டு, ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம் என்று சரிசெய்தார். "உங்களுக்கு நெத்தி சின்னது. முன்னாடி கொஞ்சம் தூக்கிவிட்டா முகம் நல்லாத் தெரியும்" என்றார். கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்ட பிரஷைத் தேடியபோது, நெட்டை காற்றுக்குழாயைக் கொண்டுவந்து 'புஸ்' என்று ஒரே அடி. மாப்பிள்ளையின் தலையும் கழுத்தும் சுத்தமாகிவிட்டன. அந்தக் குழாய் அண்ணனுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒன்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொண்டார்.

காசு விஷயத்தில்தான் சின்ன இழுபறி. முடி வெட்டிய காசை டயர் விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றார் டயர்க்காரர். கல்யாண வீட்டில் போய்க் காசு வாங்குவதா என்றார் அண்ணன். கடைசியில் அண்ணி, ஆஸ்பத்திரிக் குரலை எடுத்தார்: "ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் அப்படியே இருங்க. டயருக்கு டயர் விலை, முடிக்கு முடி விலை. முடிஞ்சுது." அப்படியே முடிந்தது.

டயர்க்காரர் பின்பக்கம் போய்க் கைகால் கழுவி, சலவைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டுமாக வந்தார். யார் இவர் என்று அண்ணிக்கே ஒரு கணம் கேட்கத் தோன்றியதாம். அவ்வளவு மாற்றம். அவர் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனபோது, வானம் திறந்துகொண்டது. கூரைத் தகரத்தில் மழை அறைந்தது.

"இந்த மழையில பைக்கா? நான் விட மாட்டேன்" என்றார் அண்ணன். "இப்பதான் வெட்டி முடிச்சேன். ஏறுங்க."

நீலக் கார் இப்போது நான்கு கறுப்புக் கால்களோடு தரையில் நின்றது. அண்ணி முன்னால், மாப்பிள்ளை பின்னால். நெட்டை கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டு, தெருமுனை வரை நனைந்தபடியே ஓடிவந்து கையாட்டினார்.

அண்ணன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை சொன்னார்: "புது டயர்ணே, ஆரம்பத்துல லேசா வழுக்கற மாதிரி இருக்கும், தேய்ஞ்சதும் சரியாயிடும். நிதானமாப் போங்க." கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா கொஞ்சம் சீக்கிரமாப் போங்க."

"ரெண்டுல எது?" என்றார் அண்ணி.

"நிதானமாவே போங்கண்ணே. ஆனா நேரமாகுது."

தண்ணீர்த்தொட்டி இறக்கத்தில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. வழுக்கவில்லை, திரும்பவில்லை. நல்ல பிள்ளை மாதிரி நேராக நின்றது. அண்ணன், பின்னால் திரும்பி மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். வேன் கிளம்பிய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் திரும்பினார்.

பதிவு அலுவலகப் படியில் மணப்பெண் குடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய தோழி. மாப்பிள்ளை இறங்கி ஓடிவந்து முன்னால் நின்றதும், "மன்னிக்கணும், வழி விடுங்க, நான் ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்" என்றார் பெண். பிறகு அவரே தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். கையை நீட்டி, மேலே தூக்கி வாரியிருந்த முன்முடியைத் தொட்டுப் பார்த்தார். "உங்களுக்கு நெத்தி இருக்குன்னு எனக்கு இவ்வளவு நாளாத் தெரியவே தெரியாது."

மாப்பிள்ளையின் கூடப்பிறந்த அண்ணனும் அவர் மனைவியும் வர வேண்டிய ரயில் மழையில் எங்கோ நின்றுவிட்டது. தோழியைத் தவிர, கையெழுத்துப் போட இன்னும் இரண்டு சாட்சிகள் வேண்டும். மாப்பிள்ளை, சீப்பு அண்ணனையும் அண்ணியையும் பார்த்தார். அண்ணன் உடனே சட்டைக்காலரைச் சரிசெய்துகொண்டார்.

மூக்குநுனியில் கண்ணாடி அணிந்திருந்த அதிகாரி நிமிர்ந்து, "நீங்க மாப்பிள்ளைக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"இவர் என் கஸ்டமர்" என்றார் அண்ணன்.

"இவர் என் கஸ்டமர்" என்றார் மாப்பிள்ளை, அதே நொடியில்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்கு யார்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்றார். மணப்பெண் முகத்தைத் தோழியின் தோளில் புதைத்துக்கொண்டார். "நண்பர்னு போட்டுக்குங்க சார்" என்று அண்ணிதான் முடித்துவைத்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மணமக்கள் வெளியே வந்தபோது, தோழி எல்லோருக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு மழையும் விட்டது. அண்ணனும் அண்ணியும் காரில் ஏறினார்கள். மதியம்தான் ஆகியிருந்தது. கடை மூடியிருக்கிறது, அண்ணிக்கும் வேலை இல்லை, யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. அலுவலக வாசலைத் தாண்டியதும் அண்ணன் வண்டியை வலது பக்கம் திருப்பினார்.

"என்னங்க, வீடு இடது பக்கம்."

"தெரியும்."

"பின்ன எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. சும்மா."

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். ஜன்னலை இறக்கினார். ஊரைத் தாண்டியதும் ரோடு நேராகவும் அகலமாகவும் இருந்தது. இரண்டு பக்கமும் ஈர வயல்கள். புது டயர் ஈரத்தில் ஓடும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அண்ணி ரேடியோவைப் போட்டார், ஏதோ பழைய பாட்டு வந்தது. அவர் கூடவே பாடினார். அண்ணனும், சொற்கள் தெரியாத இடத்தில் "லாலாலா" போட்டு, சேர்ந்து பாடினார். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் இருவரும் திரும்பி வந்தார்கள்.